மாற்றுச் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாய் சுருங்கினால்: மலையகப் பெற்றோருக்கான வழிகாட்டி

பிள்ளைக்குச் சிறுநீரகம் மாற்றி வீட்டுக்குக் கூட்டி வந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். டயலிசிஸ் நின்றுவிட்டது. முகத்தில் களை வந்திருக்கிறது. மறுபடி பள்ளிக்கூடம் அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அந்த நேரத்தில் கிளினிக்கில் பிரஷர் ஏறியிருக்கிறது என்கிறார்கள். பிரஷர் மாத்திரை ஒன்று இரண்டாகிறது, இரண்டு மூன்றாகிறது. பிறகு ஒருநாள் டொக்டர், "புதுக் கிட்னிக்கு இரத்தம் போகும் குழாய் சுருங்கியிருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்" என்கிறார்.

அதைக் கேட்டுவிட்டு, ஒன்றும் விளங்காமல் பஸ் ஏறி ஊர் திரும்பும் தாய் தகப்பனுக்காக இதை எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாற்றுச் சிறுநீரகத்துக்கு வரக்கூடிய சிக்கல்களில் இது சரிசெய்யக்கூடிய ஒன்று. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வயிற்றை மறுபடி திறக்காமலேயே, உள்ளே அனுப்பும் சிறு பலூனால் குழாயை விரித்துவிட முடிகிறது. ஆபத்து வருவது கண்டுபிடிக்கத் தாமதமாகும்போதுதான். அந்தத் தாமதத்தைக் குறைக்க, நீங்கள் வீட்டில் எழுதி வைக்கும் பிரஷர் கொப்பியைப் போல உதவுவது வேறெதுவும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

புதுச் சிறுநீரகத்தைப் பழையவை இருக்கும் முதுகுப் பக்கத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றில், பெரும்பாலும் வலது பக்கத்தில் வைத்து, காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயோடு இணைத்துத் தைக்கிறார்கள். பிள்ளை மிகச் சிறியதாக இருந்து, சிறுநீரகம் கொடுத்தவர் பெரியவராக இருந்தால், வயிற்றுக்குள்ளேயே வைத்து இதயத்திலிருந்து இறங்கி வரும் பெருநாடியோடு நேரே இணைப்பதும் உண்டு. அந்தத் தையல் இடத்திலோ அதற்குச் சற்று அப்பாலோ குழாயின் உள்வட்டம் குறுகிப்போவதுதான் சுருக்கம்.

காரணம் ஒன்றல்ல. தையல் ஆறும்போது உள்ளே தழும்பு தடிக்கலாம். ஒப்பரேஷனின்போது குழாயைக் கவ்வியால் பிடித்த இடம் பிறகு குறுகலாம். பெரியவரின் குழாயும் பிள்ளையின் மெல்லிய குழாயும் அளவில் பொருந்தாமல் இருக்கலாம். குழாய் சற்று நீளமாக இருந்து மடிந்துகொள்ளலாம். உடல் புதுச் சிறுநீரகத்தை எதிர்ப்பதும், சைட்டோமெகலோ வைரஸ் என்ற கிருமியின் தொற்றும்கூடச் சுருக்கத்தோடு தொடர்புபட்டவை. பொதுவாக ஒப்பரேஷன் முடிந்து 3 மாதத்துக்கும் 2 வருடத்துக்கும் இடையில் தென்படும். அதற்கு முன்போ, பல வருடம் கழித்தோ வராது என்று சொல்ல முடியாது.

இங்கே அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குச் சிறுநீரகம் கொடுப்பது அநேகமாகப் பெற்ற தாயோ தகப்பனோதான். குழாய் சுருங்கியிருக்கிறது என்றதும், "நான் கொடுத்தது சரியில்லாமல் போச்சே" என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளும் தாய்மார் உண்டு. அப்படி நினைக்கவே வேண்டாம். நீங்கள் கொடுத்த சிறுநீரகம் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு இரத்தம் வரும் வழி குறுகியிருக்கிறது. நீங்கள் ஊட்டிய சோற்றாலோ, மழையில் நனைய விட்டதாலோ, பிள்ளை ஓடி விளையாடியதாலோ இது வரவில்லை.

சுருக்கத்தால் பிரஷர் ஏன் ஏறவேண்டும்? மலையிலிருந்து பீலிக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் நடுவில் நெரிந்தால், கீழே இருப்பவர்கள் மேலே ஊற்று வற்றிவிட்டது என்று எண்ணிக்கொள்வார்கள். சிறுநீரகமும் அப்படித்தான் எண்ணிக்கொள்கிறது. தனக்கு வரும் இரத்தம் குறைந்ததும், உடம்பிலேயே இரத்தம் குறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதன் விளைவாக உடலெங்கும் இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, உப்பும் நீரும் வெளியே போகாமல் தங்குகின்றன, பிரஷர் ஏறுகிறது. 1934இல் ஹாரி கோல்ட்பிளாட் என்ற அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் நாய்களின் சிறுநீரகக் குழாயை ஒரு கவ்வியால் இறுக்கி, இரத்த அழுத்தம் உயர்வதைக் காட்டினார். மாற்றுச் சிறுநீரகம் உள்ள பிள்ளைக்கு வேலை செய்யும் சிறுநீரகம் அந்த ஒன்றுதான். தேங்கும் உப்பையும் நீரையும் தள்ளிவிட இன்னொன்று இல்லை. அதனால்தான் வீக்கமும் மூச்சுத் திணறலும்கூடச் சேர்ந்து வருகின்றன.

முதல் வேலை: வீட்டில் பிரஷர் பார்ப்பது

கிளினிக்கில் மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் அளவு போதாது. ஒரு நல்ல பிரஷர் மெஷின் வீட்டில் இருக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் வகை வேண்டாம், மேல்கையில் கட்டுவது வாங்குங்கள். வாங்கியதும் கிளினிக்குக் கொண்டுபோய், அவர்களுடைய மெஷினோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டிதான் மிக முக்கியம். பெரியவர்களுக்கான மெஷினோடு வரும் பட்டி சிறு பிள்ளையின் கைக்குப் பெரிது. பெரிய பட்டி பிரஷரைக் குறைத்துக் காட்டும், சிறிய பட்டி கூட்டிக் காட்டும். பட்டிக்குள் காற்று நிரம்பும் பகுதியின் அகலம் மேல்கைச் சுற்றளவில் 40 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். நீளம் அந்தச் சுற்றளவில் 80 முதல் 100 சதவீதத்தை மூட வேண்டும். கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டாம். கிளினிக் மிஸ்ஸியிடம் பிள்ளையின் கையைக் காட்டி, எந்த அளவுப் பட்டி வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை வளர வளர பட்டியும் மாற வேண்டும்.

பார்க்கும் முறை இது. காலையும் மாலையும், மருந்து கொடுப்பதற்கு முன். லயத்துக்குப் படியேறி வந்த பிள்ளையை உடனே பிடித்து உட்கார வைத்துப் பார்க்காதீர்கள். குறைந்தது 5 நிமிடம் அமைதியாக இருக்கட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தொங்காமல் எதிலாவது ஊன்றியிருக்க வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் ஒரு மேசையிலோ தலையணையிலோ இருக்க வேண்டும். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்து விடியற்காலைக் குளிரில் உடம்பு விறைத்திருக்கும்போது பார்த்தால் அளவு ஏறித்தான் காட்டும். பிள்ளை போர்வைக்குள் கொஞ்சம் சூடாகிய பிறகு பாருங்கள். ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டி இறுக்கிவிட்டுப் பார்க்கக் கூடாது. ஸ்வெட்டரின் அந்தக் கையை முழுதாகக் கழற்றிவிட வேண்டும். டயலிசிஸுக்காக ஒரு கையில் ஃபிஸ்டுலா (இரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடம்) போட்டிருந்தால் அந்தக் கையில் பட்டி கட்டவே கூடாது. இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள்.

சாதாரண அப்பியாசக் கொப்பி போதும். திகதி, நேரம், பிரஷர், காலை எடை, அன்று தவறவிட்ட மருந்து ஏதும் இருந்தால் அது. இவ்வளவுதான். எடையையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் எடை சட்டென ஏறினால் அது சதை அல்ல, நீர்.

இனி, எந்த அளவு அதிகம்? பெரியவர்களின் கணக்கு பிள்ளைகளுக்குப் பொருந்தாது. 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 130/80 என்றாலே அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதைவிடச் சிறியவர்களுக்கு வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை வைத்து எல்லை மாறும்; ஐந்து வயதுப் பிள்ளைக்கு 120 என்பது நல்ல பிரஷர் இல்லை. எனவே உங்கள் டொக்டரிடம் இரண்டு எண்களைக் கேட்டுக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்: எந்த அளவைத் தாண்டினால் போன் பண்ண வேண்டும், எந்த அளவைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். கேட்கத் தயங்காதீர்கள். இந்த இரண்டு எண்களும் இல்லாத கொப்பி பாதிக் கொப்பிதான்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

சுருக்கம் உள்ள பல பிள்ளைகளுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. தெரிந்தால் தலைவலி, வாந்தி, மூக்கில் இரத்தம், பார்வை மங்குவது, காரணமில்லாத சிடுசிடுப்பு என்று வரும். எங்கள் ஊரில் தலைவலிக்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை, பனி பட்டுவிட்டது என்று தைலம் தேய்த்துப் படுக்க வைத்துவிடுவோம். சிறுநீரகம் மாற்றிய பிள்ளைக்கு அப்படிச் செய்யக் கூடாது. தலை வலிக்கிறது என்றால் முதலில் பிரஷர் பாருங்கள், பிறகு மற்றது.

வலிப்பு, நினைவு தடுமாற்றம், திடீரெனப் பார்வை போவது, படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவது, சிறுநீர் வெகுவாகக் குறைவது அல்லது நின்றுபோவது, புதுச் சிறுநீரகம் இருக்கும் இடத்தில் கடுமையான வலி: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம், தமிழிலும் பேசலாம். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்துக்கு வண்டி வருமா அல்லது பிள்ளையை எந்தச் சந்திவரை தூக்கி வர வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். "சிறுநீரகம் மாற்றிய பிள்ளை" என்ற வார்த்தையும் முதல் வசனத்திலேயே வரட்டும்.

இரத்தப் பரிசோதனை தரும் துப்பு

இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறினால் சிறுநீரகம் வடிகட்டுவது குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கேட்டதும், உடம்பு சிறுநீரகத்தைத் தள்ளுகிறது என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது ஒரு காரணம் மட்டுமே. உடம்பில் நீர் குறைவது, உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தள்ளாமல் இருக்கக் கொடுக்கும் டக்ரோலிமஸ் மருந்தின் அளவு கூடிப்போவது, சிறுநீர்த் தொற்று, சிறுநீர்ப் பாதையில் அடைப்பு, இந்தக் குழாய்ச் சுருக்கம் எல்லாமே கிரியேட்டினினை ஏற்றும். பிரஷரும் அப்படித்தான். டக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், பிரெட்னிசொலோன் மூன்றுமே பிரஷரை ஏற்றக்கூடிய மருந்துகள். பழைய நோயுற்ற சிறுநீரகங்களும் ஏற்றும். ஆகவே டொக்டர்கள் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவார்கள். சிலவேளை ஊசியால் சிறுநீரகத்தின் சிறு துண்டை எடுத்துப் பரிசோதிக்கவும் வேண்டியிருக்கும்.

சுருக்கத்தைக் காட்டிக்கொடுக்கும் துப்பு ஒன்று உண்டு, பெற்றோர் அதை அறிந்திருப்பது நல்லது. எனலாபிரில், லோசார்ட்டன் போன்ற பிரஷர் மருந்துகளைத் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினின் சட்டென ஏறினால், குழாய் சுருங்கியிருக்கிறதா என்று உடனே தேட வேண்டும். வரும் இரத்தம் குறைந்த நிலையில், சிறுநீரகம் தன் வடிகட்டிகளிலிருந்து வெளியேறும் நுண்குழாயை இறுக்கிப் பிடித்துத்தான் உள்ளே அழுத்தத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும். இந்த மருந்துகள் அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். எனவே இவற்றைத் தொடங்கும்போது, "எத்தனையாம் நாள் இரத்தம் பார்க்க வரவேண்டும்?" என்று கேளுங்கள். வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் அன்றே கிளினிக்கை அழையுங்கள். சில நாள் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். பக்கத்து லயத்தில் யாரோ சொன்னார்கள் என்று கூட்டவும் வேண்டாம்.

ஸ்கேன்கள்

முதலில் டொப்ளர் ஸ்கேன். வயிற்றில் ஜெல் பூசி, கையடக்கமான கருவியை வைத்து இரத்தம் ஓடும் வேகத்தைப் பார்ப்பார்கள். வலி இல்லை, ஊசி இல்லை, கதிர் இல்லை. குறுகிய இடத்தில் இரத்தம் பீறிட்டு ஓடும். செக்கனுக்கு 200 முதல் 250 சென்ரிமீற்றருக்கு மேல் வேகம் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. சுருக்கத்துக்கு அப்பால், சிறுநீரகத்தின் உள்ளே அலை மெதுவாக எழும்பித் தாழ்வாக ஓடினால் சந்தேகம் இன்னும் கூடும். பிள்ளை அழுது நெளிந்தால் சரியாகப் பார்க்க முடியாது. பிடித்த பொம்மையோ போனில் ஒரு படமோ இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்த ஸ்கேன் செய்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஒரு இடத்தில் எடுத்ததை இன்னொரு இடத்தில் திரும்ப எடுக்கச் சொன்னால் அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

அடுத்து சிடி அல்லது எம்ஆர்ஐ எடுக்கலாம். சிடிக்கு ஏற்றும் மருந்து பலவீனமான சிறுநீரகத்துக்குச் சிரமம் கொடுக்கக்கூடும். எம்ஆர்ஐயில் ஏற்றும் கடோலினியம், சிறுநீரக வேலை மிகக் குறைந்தவர்களுக்கு யோசித்தே கொடுக்கப்படும். எது என்பதை அன்றைய கிரியேட்டினினைப் பார்த்து முடிவெடுப்பார்கள். முடிவான விடை அஞ்சியோகிராமில்தான் கிடைக்கும். குழாய்க்குள்ளேயே மெல்லிய குழலை அனுப்பி, படம் எடுத்து, சுருக்கத்துக்கு முன்னும் பின்னும் அழுத்தம் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று அளப்பார்கள். அதே அமர்விலேயே சிகிச்சையும் நடந்துவிடும்.

பேராதனைக்குக் கிளம்பும் முன்

மலையகப் பிள்ளைகளில் பலர் போவது பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலைக்கு. சிகிச்சையைப் பொறுத்துக் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பவும் கூடும். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வருபவர்கள் ஹட்டன் வந்து, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக இறங்க வேண்டும். நுவரெலியாக்காரர்களுக்கு இறம்பொடை, புசல்லாவை, கம்பளை. அடைமழைக் காலத்தில் இந்தப் பாதைகளில் எந்த இடத்தில் மண் சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிகிச்சைக்குத் திகதி கொடுத்திருந்தால் முதல் நாளே போய்விடுங்கள். பாதை மூடிவிட்டால் கிளினிக்குக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள், பேசாமல் இருந்துவிட்டால் திகதி கைநழுவிவிடும். மருந்து எப்போதும் ஒரு வாரத்துக்கு மிஞ்சியே வீட்டில் இருக்கட்டும்.

இரத்தம் எடுக்கும் நாளில் பெரும்பாலானவர்கள் தடுமாறுவது டக்ரோலிமஸில். அதன் அளவை, முந்தைய வேளை மருந்து கொடுத்து 12 மணித்தியாலம் ஆனபின், அடுத்த வேளை கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும். முதல் நாள் இரவு எட்டு மணிக்குக் கொடுத்திருந்தால் காலை எட்டு மணியளவில் இரத்தம் எடுக்க வேண்டும். விடியற்காலை பஸ்ஸில் ஏறும் அவசரத்தில் பழக்கதோஷத்தில் மருந்தைக் கொடுத்துவிட்டால், அளவு கூடித் தெரிந்து மருந்தைத் தவறாகக் குறைக்க நேரும். காலை மருந்தைப் பையில் எடுத்துப் போங்கள், இரத்தம் எடுத்த கையோடு கொடுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், பிரஷர் கொப்பி, எல்லா மருந்துகளும் அவற்றின் உறைகளோடு, பழைய ஸ்கேன் ரிப்போர்ட்கள். மாற்றுச் சத்திரசிகிச்சை வேறு ஆஸ்பத்திரியில் நடந்திருந்தால் அந்த ஒப்பரேஷன் குறிப்பின் பிரதி மிக முக்கியம். எந்தக் குழாயோடு எந்தக் குழாயைத் தைத்தார்கள், புதுச் சிறுநீரகத்துக்கு ஒரு குழாயா இரண்டா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பலூன் சிகிச்சை செய்பவர் வழி கண்டுபிடிப்பதே அதைப் பார்த்துத்தான்.

மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்றால் வெறும் வயிறு கட்டாயம். பொதுவாகச் சோறு, ரொட்டி, பால் மா போன்றவை 6 மணித்தியாலத்துக்கு முன் நிற்க வேண்டும், தாய்ப்பால் 4 மணித்தியாலத்துக்கு முன். தண்ணீரை எப்போது நிறுத்துவது, காலை மருந்துகளில் எதைக் கொடுப்பது எதை விடுவது என்பதை வார்டில் சொல்லும்படி செய்யுங்கள். பிள்ளை பசியில் அழும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் இரக்கப்பட்டு பிஸ்கட் நீட்டுவார். ஒரு பிஸ்கட்டால் சிகிச்சை தள்ளிப்போகும், அல்லது மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும். அந்த நேரத்தில் மனதைக் கல்லாக்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்களத்தில் விளக்கம் சொல்லும்போது பாதி விளங்கி, மீதிக்குத் தலையாட்டி வருவது எங்கள் ஆட்களின் வழக்கமாகிவிட்டது. கையெழுத்துப் போடும் நாளிலாவது சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும். வார்டில் தமிழ் பேசும் டொக்டரோ மிஸ்ஸியோ இருக்கிறார்களா என்று கேளுங்கள். விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள், அதில் வெட்கம் இல்லை.

பலூன் சிகிச்சை

சுருக்கம் லேசாக இருந்து, பிரஷர் மருந்தில் அடங்கி, கிரியேட்டினினும் நிலையாக இருந்தால் மருந்தோடு காத்திருந்து அடிக்கடி ஸ்கேன் பார்ப்பதும் ஒரு வழிதான். பிரஷர் அடங்காமல் போனாலோ, சிறுநீரகம் தளர்ந்தாலோ, சுருக்கம் கடுமையாக இருந்தாலோ பலூன்.

சிறு பிள்ளைகளுக்கு முழு மயக்கத்தில் செய்வார்கள். தொடை இடுக்கில் ஒரு ஊசித் துளை. அதன் வழியாக மெல்லிய கம்பி, கம்பியின் மேல் குழல். ஊசி, கம்பி, குழல் என்ற இந்த வரிசையை 1953இல் சுவீடன் நாட்டு டொக்டர் செல்டிங்கர் எழுதி வெளியிட்டார். கத்தியில்லாமல் குழாய்க்குள் போகும் வைத்தியமெல்லாம் இன்றும் அதே வழியில்தான் தொடங்குகிறது. குழலின் நுனியில் சுருட்டி வைத்த பலூன் சுருங்கிய இடத்துக்குப் போனதும் சில செக்கன்கள் முதல் ஒரு நிமிடம் வரை ஊதப்படும். குழாய் விரிந்ததும் பலூனைச் சுருக்கி எடுத்துவிடுவார்கள். 1977இல் சூரிச் நகரில் இதயக் குழாயைப் பலூனால் விரித்த அன்ட்ரியாஸ் குருன்ட்சிக், அடுத்த வருடமே சிறுநீரகக் குழாயை விரித்ததையும் எழுதினார். ஆக, இது உங்கள் பிள்ளையின் மேல் பரீட்சித்துப் பார்க்கும் புது வித்தை அல்ல.

குழாயை விரித்துப் பிடிக்கும் உலோக வலையான ஸ்டென்ட் வைக்கலாமே, மறுபடி சுருங்காதே என்று சிலர் கேட்பார்கள். பெரியவர்களுக்கு அது பழக்கம். பிள்ளைக்கு யோசிக்கிறார்கள், ஏனென்றால் பிள்ளையின் குழாய் வளரும், உலோக வலை தானாக வளராது. எனவே முதலில் வெறும் பலூன். விரித்த குழாய் உடனே பழையபடி சுருங்கிக்கொண்டாலோ, உட்சுவர் கிழிந்தாலோ, திரும்பத் திரும்பச் சுருங்கினாலோ ஸ்டென்ட் வரும். குழாய் மடிந்து முறுகியிருந்தால் பலூனுக்கு மசியாது, அப்போது சத்திரசிகிச்சை. தழும்பு நிறைந்த இடத்தில் மறுபடி கத்தி வைப்பது எளிதல்ல என்பதால்தான் அதைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள்.

ஆபத்துகளையும் மறைக்காமல் சொல்கிறேன். துளை போட்ட இடத்தில் இரத்தம் கசிந்து கட்டலாம். குழாய் கிழியலாம். உள்ளே இரத்தம் உறையலாம். ஏற்றிய மருந்தால் கிரியேட்டினின் சில நாள் ஏறலாம். மிக அரிதாகச் சிறுநீரகத்தையே இழக்க நேரலாம். கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. சுருக்கம் எந்த இடத்தில், எவ்வளவு? பலூனா ஸ்டென்டா? ஏதாவது பிழையாகிப்போனால் உடனே திறந்து சரிசெய்யக்கூடிய சத்திரசிகிச்சைக் குழு அங்கே இருக்கிறதா? இப்போது செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? நல்ல டொக்டர் யாரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

சிகிச்சைக்குப் பிறகு

சிகிச்சை முடிந்து 4 முதல் 6 மணித்தியாலம் கால் நீட்டி அசையாமல் படுத்திருக்க வேண்டும். சிறு பிள்ளைக்கு இதுதான் பெரிய தண்டனை. பக்கத்திலேயே இருந்து கதை சொல்லுங்கள். கட்டுப் போட்ட இடம் வீங்கினால், இரத்தம் நனைந்தால், அந்தப் பக்கத்துப் பாதம் மற்றதைவிடக் குளிர்ந்து வெளுத்தால் உடனே மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று, பலூன் பலித்தால் பிரஷர் வேகமாக இறங்கும் என்பது. சுருக்கத்தோடு மல்லுக்கட்டிய காலத்தில் கொடுத்த அதே மூன்று மாத்திரையையும் தொடர்ந்து கொடுத்தால் பிள்ளை தலைசுற்றி விழும், குறைந்த பிரஷர் புதுச் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது எந்த மருந்து குறைந்தது, எது நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள்; பழைய உறைகளைத் தனியாக எடுத்து வையுங்கள். பிரஷர் கொப்பியின் கீழெல்லையையும் இப்போது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

குழாய்க்குள் இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின் கொடுத்தால், சொன்ன நாள்வரை விடாமல் கொடுக்க வேண்டும். ஆனால் வீட்டில் யாருக்காவது சின்னம்மை வந்தாலோ, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். சின்னம்மையிலும் இன்ஃபுளுவென்சாவிலும் அஸ்பிரின் குடித்த பிள்ளைகளுக்கு ஈரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய் வரக்கூடும். டெங்கு என்றால் அஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டும். சிறுநீரகம் மாற்றிய பிள்ளையின் காய்ச்சலை எப்படியும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, அஸ்பிரின் குடிப்பவர் என்றால் இன்னும் கவனம்.

குழாய் மறுபடி சுருங்குவது உண்டு, அநேகமாக முதல் வருடத்துக்குள். அதற்காகத்தான் டொப்ளர் திகதிகள் கொடுப்பார்கள். பிரஷர் நன்றாக இருக்கிறதே என்று அந்தத் திகதிகளை விட்டுவிடாதீர்கள். மறுபடி சுருங்கினால் மறுபடி பலூன் செய்யலாம்.

வலிக்கு, காய்ச்சலுக்கு பனடோல் மட்டும், எடைக்கு ஏற்ற அளவில். இபுபுரோபன், டைக்ளோபெனாக் இரண்டும் வேண்டாம், டவுன் பாமசியில் யார் கொடுத்தாலும். எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின், ஃபுளுகொனசோல் ஆகியவை டக்ரோலிமஸை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் சில வலிப்பு மருந்துகளும் இறக்கிவிடும். எந்த டொக்டர் புது மருந்து எழுதினாலும் டக்ரோலிமஸ் குடிக்கிற பிள்ளை என்று சொல்லிவிட்டு வாங்குங்கள். ஜம்போலாப் பழமும் டக்ரோலிமஸை ஏற்றக்கூடும், தவிர்த்துவிடுங்கள். காமரங்காவும் பிலிங்காயும் சிறுநீரகத்துக்கே நேரடியாகக் கெடுதல். தோட்டத்தில் கிடைக்கிறதே என்று சாறு பிழிந்து கொடுக்காதீர்கள். நாட்டு மருந்தும் அப்படியே.

உப்பைக் குறைத்தால் ஒரு மாத்திரையையே குறைக்க முடிகிற பிள்ளைகள் உண்டு. கறியில் போடும் உப்பைவிட ரொட்டியோடு வைக்கும் கட்டசம்பல், கருவாடு, மாசி, அப்பளம், ஊறுகாய், பாக்கெட் நூடில்ஸ், கடை மிக்ஸர் ஆகியவற்றில்தான் உப்பு ஒளிந்திருக்கிறது. பிள்ளைக்கு மட்டும் தனிச் சமையல் செய்தால் அது ஏங்கிப்போகும். வீடு முழுக்க உப்பைக் குறைப்பதுதான் நடக்கிற காரியம்.

செலவும் பேரும்

அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தான், ஆனாலும் பஸ் செலவு, வெளியில் வாங்கச் சொல்லும் பொருள், வேலைக்குப் போகாத நாட்களின் பேர் (நாட்சம்பளம்) என்று குடும்பம் கரைந்துவிடும். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு உங்கள் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். வெளியில் பணம் கட்டுவதற்கு முன்பே போய் என்னென்ன கடிதம் வேண்டும் என்று கேளுங்கள். சிறுநீரக நோயாளருக்கான மாதக் கொடுப்பனவைப் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள். கிளினிக் திகதிகளின் பிரதியைத் தோட்ட ஒபிசிலும், பிள்ளையின் வகுப்பாசிரியரிடமும் கொடுத்து வையுங்கள்.

டிஸ்பென்சரிக்கு ஒரு தாள்

நள்ளிரவில் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் முதலில் பார்ப்பவர் தோட்டத்து வைத்திய உதவியாளராகவோ, பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியின் புது டொக்டராகவோ இருப்பார். அவர்களுக்குப் பேராதனைக் கோப்பு தெரியாது. கிளினிக் டொக்டரிடம் ஒரு தாள் எழுதி வாங்கி, ஒரு பிரதியை டிஸ்பென்சரியில் கொடுங்கள், ஒன்றைப் பிரஷர் கொப்பியில் ஒட்டுங்கள், போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். அதில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

"சிறுநீரகம் மாற்றிய பிள்ளை. மாற்றிய திகதி, ஆஸ்பத்திரி. புதுச் சிறுநீரகம் அடிவயிற்றில் எந்தப் பக்கம். அதன் குழாயில் சுருக்கம் இருந்தது. பலூன் செய்த திகதி, ஸ்டென்ட் உண்டா இல்லையா. இப்போது குடிக்கும் மருந்துகளும் அளவுகளும். கொடுக்கக் கூடாதவை: இபுபுரோபன், டைக்ளோபெனாக்; கேட்காமல் எனலாபிரில், லோசார்ட்டன். வழக்கமான கிரியேட்டினின். பிரஷர் மேலெல்லை, கீழெல்லை. எல்லையைத் தாண்டினாலோ சிறுநீர் குறைந்தாலோ அழைக்க வேண்டிய வார்டின் தொலைபேசி இலக்கம்."